ஹினெக்கின் முகவரி

ப்ராக், 14 செப்டம்பர் 1974
(ரயில் கார்டு ஒருவரிடம் கொடுத்தனுப்பியது)

அன்புள்ள ருஜேனா அக்காவுக்கு,

நீயும் அத்தானும் உடம்பு சுகத்தோடு இருப்பீர்கள் என்று நம்புகிறேன். எனக்கு இருமல் உண்டு, குளிர் இல்லை. பள்ளிக்கூடத்திலிருந்து என்னை வெளியே அனுப்பி நான்கு வருடமாகிறது. ஒரு மருத்துவமனையின் கொதிகலனுக்கு நிலக்கரி அள்ளிப் போடுகிறேன். பிள்ளைகளுக்கு நம் மொழியைக் கற்றுக்கொடுத்தவன் இப்போது கரிக்குப் பாடம் எடுக்கிறேன். அது ஒழுங்காக எரிகிறது.

இந்தப் பெட்டியில் மேலே இருப்பது உனக்கு ஒரு போர்வை. அடியில் இருப்பது நான் எழுதிய நாவல். கார்பன் தாள் வைத்து ஐந்து பிரதி அடித்தோம். இது ஐந்தாவது, அதனால் எழுத்து மங்கல். பிடிபட்டால் எனக்குச் சிறை. வைத்திருப்பவருக்கும் நல்லதில்லை. தெரிந்தும் உனக்கு அனுப்புகிறேன், ஏனென்றால் இதுவரை படித்த நான்கு பேரும் பேராசிரியர்கள்.

கதை இதுதான். ஒரு நகரம். அங்கே எதுவும் யாருக்கும் சொந்தமில்லை. மாதம் பிறந்தால் எல்லோரும் உடுத்திய துணியோடு வேறு வீட்டுக்குப் போக வேண்டும். படுக்கை, பாத்திரம், சுவரில் தொங்கும் படம் எல்லாம் அடுத்து வருகிறவருக்கு. பற்று ஒரு நோய் என்று அலுவலகம் சொல்கிறது. ஹினெக் என்று ஒருவன். அவன் காலி செய்யும் வீட்டுக்கு ஒவ்வொரு மாதமும் மிலாதா என்ற பெண் வருகிறாள். ஒருவரை ஒருவர் பார்த்ததில்லை. அவன் அவளுக்காக ஒவ்வொரு வீட்டிலும் எதையாவது விட்டுப் போகிறான். கடைசி அத்தியாயம் மட்டும் எழுதவில்லை.

படித்துவிட்டு எழுது. நம் தபாலைப் பிரித்துப் பார்க்கிறார்கள். அதனால் ஹினெக்கை நம் சித்தி மகன் என்று வைத்துக்கொண்டு, குடும்பச் செய்தி மாதிரி எழுது. அத்தானிடம் சொல்லாதே. அவரைப் போல நல்லவர் இல்லை. ஆனால் அவர் முகம் ரயில் நிலையக் கடிகாரம். ஊரே பார்த்து நேரம் தெரிந்துகொள்ளும்.

உன் தம்பி,
கமில்


ஓல்ஷான்கா, 6 அக்டோபர் 1974

என் ஒரே தம்பி கமிலுக்கு அக்கா எழுதிக்கொள்வது.

இங்கே எல்லாரும் நலம். அத்தானுக்கு முதுகு வலி. “வலிச்சாத்தான் முதுகு இருக்குன்னு தெரியுது” என்கிறார். உன் இருமலுக்குப் பூண்டை வாத்துக் கொழுப்பில் வதக்கித் தின்னு. மூக்கைப் பிடித்துக்கொண்டு தின்னு.

போர்வை வந்து சேர்ந்தது. அடிவரைக்கும் பிரித்துப் பார்த்தேன். நல்ல கனம்.

சித்தி மகன் ஹினெக்கின் கஷ்டம் எனக்கு மெல்ல மெல்லத்தான் விளங்குகிறது. நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். யாருடைய கஷ்டமாக இருந்தாலும் ஒரு நாளைக்கு மூன்று பக்கத்துக்கு மேல் எனக்கு விளங்காது. ஆலை கேண்டீனில் நூற்றெண்பது பேருக்கு மாவுருண்டை உருட்டிவிட்டு வந்து உட்கார்ந்தால் கண்ணும் உருள்கிறது.

பாவம், மாதம் ஒரு வீடாகப் பதினாலு வீடு அலைந்துவிட்டான். ஆனாலும் அவனுக்கு விவரம் போதாது. அந்தப் பெண்ணுக்காக ஒரு கோப்பைத் தண்ணீரில் வெங்காயத்தை முளைக்க வைத்துவிட்டுப் போகிறானே, கூடவே கொஞ்சம் கொழுப்பும் சீமைச் சீரகமும் வைத்தால் சூப் ஆகியிருக்கும். உன்னை மாதிரியே. பாதி வேலையைச் செய்துவிட்டு வானத்தைப் பார்ப்பான்.

அவள் அழகா? நீ சொல்லவே இல்லை.

நீ நன்றாக இரு. மஃப்ளரைக் கழுத்தில் கட்டு, ஆணியில் மாட்டாதே.

அக்கா ருஜேனா


ப்ராக், 20 அக்டோபர் 1974

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். உங்கள் நலம் அறிய விருப்பம்.

ஹினெக் ஏன் வெங்காயத்தை வைத்தான் என்று நீ சரியாக யோசிக்கவில்லை. வெங்காயம் என்பது மனிதனின் ‘நான்’. ஒவ்வொரு தோலையும் அலுவலகம் உரித்து எடுக்கிறது. உள்ளே ஒன்றுமில்லை என்று அது நினைக்கும்போது பச்சையாக முளை வருகிறது. ஜன்னலில் ஒரு கண்ணாடியை மட்டும் துடைக்காமல் விடுகிறானே, அது அவனுடைய தனிமை. இடது கால் செருப்பை மட்டும் வைத்துவிட்டுப் போனது பாதி விடுதலை. இதையெல்லாம் நம் சித்தி மகன் வாய்விட்டுச் சொல்ல மாட்டான். புரிந்துகொள்ள வேண்டியது நாம்தான்.

அந்தச் செருப்பைப் பற்றி உனக்கு என்ன தோன்றியது? அவசியம் எழுது.

அத்தானுக்கு என் வணக்கம்.

கமில்


ஓல்ஷான்கா, 17 நவம்பர் 1974

படித்த தம்பிக்குப் படிக்காத அக்கா எழுதுவது.

நாங்கள் சுகம். முதல் பனி விழுந்துவிட்டது. பூண்டு தின்றாயா?

செருப்பைப் பற்றிக் கேட்டாய். ஒரு செருப்போடு போனவனுக்கு ஜலதோஷம் பிடித்திருக்கும் என்று தோன்றியது.

கமில், வெங்காயம் வெங்காயம்தான்டா. வீடு மாறுகிற நாளில் கடை எல்லாம் சாத்தியிருக்கும் என்று முன்னாலேயே உன் வாயால் சொல்லியிருக்கிறாய். அடுத்து வருகிறவள் பசியோடு வருவாள் என்று அவனுக்குத் தெரியும். அவ்வளவுதான். அவளை நினைத்தான், வைத்தான். அதற்கு மேல் என்ன முளைக்க வேண்டும்?

உனக்கு ஒன்று சொல்கிறேன். பனிக்காலத்தில் வேலைக்குப் போக நான் நாலு மணிக்குக் கதவைத் திறப்பேன். வாசலிலிருந்து ரோடு வரைக்கும் பனி வழித்துப் பாதை போட்டிருக்கும். உள்ளே அத்தான் குறட்டை விட்டுக்கொண்டிருப்பார். தலைமயிர் மட்டும் ஈரமாக இருக்கும். இருபத்தாறு வருஷமாக நானும் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை. இதற்கு உன் பேராசிரியர்கள் என்ன பேர் வைப்பார்கள்? நான் மண்வெட்டி என்று சொல்வேன்.

அதனால் கேட்கிறேன், ஹினெக்கும் மிலாதாவும் எப்போது பார்த்துக்கொள்ளப் போகிறார்கள்? ஒரு மாதம் அவனைத் தொப்பியை மறந்துவிட்டுத் திரும்பி வரச் சொல். இவள் கதவைத் திறக்கட்டும். தொப்பிக்கா பஞ்சம்?

உன் அக்கா


ப்ராக், 3 டிசம்பர் 1974

அன்புள்ள அக்காவுக்கு,

நலமே. நீங்களும் அப்படியே என்று எண்ணுகிறேன்.

அவர்கள் பார்த்துக்கொள்ள மாட்டார்கள். அப்படி நடந்தால் அது மிட்டாய்க் கடை பொம்மைக் கல்யாணம் ஆகிவிடும். ஹினெக்கின் இயல்பு எனக்குத் தெரியும். அவன் ஒருநாள் காணாமல் போவான். அவள் அடுத்த வீட்டுக்கு வந்து பார்ப்பாள், அங்கே ஒன்றுமே இருக்காது. அந்தக் காலி வீடுதான் உண்மை.

கிறிஸ்துமஸுக்கு நீ செய்யும் வெனிலா பிஸ்கட் கொஞ்சம் அனுப்பினால் இங்கே ஒருவன் பிழைத்துக்கொள்வான்.

கமில்


ஓல்ஷான்கா, 19 ஜனவரி 1975

தம்பி கமிலுக்கு,

புது வருஷம் உனக்கு நல்லதாக இருக்கட்டும். பிஸ்கட்டை எலி தின்பதற்குள் நீ தின்றிருப்பாய். பதில் தாமதம். இங்கே கொஞ்சம் விருந்தாளிகள்.

நூற்றெண்பது பேருக்கும் பானை பொங்கிக்கொண்டிருக்கிற நேரத்தில் இரண்டு கனவான்கள் கேண்டீனுக்குள் வந்தார்கள். தொப்பியைக் கழற்றவில்லை.

“உங்க சித்தி மகன் ஹினெக் பதினாலு மாசத்துல பதினாலு வீடு மாறியிருக்கான். ஒரு வீட்டுப் பதிவேட்டுலகூட அவன் பேர் இல்ல. மூணு மாவட்டம் தேடிட்டோம். பதியாம குடியிருக்கிறது குற்றம், தெரியுமில்ல?”

“சூப் சாப்பிடுறீங்களா?” என்றேன்.

“முகவரி.”

“இன்னைக்குப் பட்டாணி சூப்.”

“அம்மா, உங்க தாயாருக்குத் தங்கச்சியே கிடையாது. அப்புறம் சித்தி எங்கேருந்து வந்தா? சித்தி மகன் எங்கேருந்து வந்தான்?”

அப்புறம் என்ன செய்வது? உண்மையைச் சொல்லிவிட்டேன். உன்னிடமும் இத்தனை நாள் மறைத்ததற்கு மன்னித்துக்கொள். மாவுக் கையோடு முகத்தை மூடிக்கொண்டு, “ஐயா, சித்தி மகனும் இல்ல, சுண்டைக்காயும் இல்ல. அவன் என் ஆளு” என்றேன். பின்னால் சூப் கிண்டிக்கொண்டிருந்த நான்கு பேருடைய கரண்டியும் நின்றது.

“ஐம்பது வயசுலயா?”

“ஐம்பதுக்கு இன்னும் ஒரு வருஷம் இருக்கே ஐயா.”

“அப்போ மிலாதா யாரு?”

“அவன் பெண்டாட்டி. அவ தொரத்துறா, இவன் ஓடுறான். அதான் மாசம் ஒரு வீடு.”

“முகவரி தெரியாதுன்னா சொல்றீங்க?”

“தெரிஞ்சா நானே போய் நாலு சாத்து சாத்தியிருக்க மாட்டேனா? கையில ஒரு வெங்காயத்தைக் குடுத்துட்டு மாசக்கணக்கா ஆளையே காணோம். எவ பொறுப்பா?”

பெரியவர் சிரித்துவிட்டார். சின்னவர் எழுதிக்கொண்டார். இரண்டு பேரும் சூப் குடித்துவிட்டுப் போனார்கள். விஷயம் முடிந்தது. என் மானத்துக்காக நீயும் இத்தனை மாதம் சித்தி மகன் என்று ஒத்து ஊதினாயே, அதற்கு நன்றி.

அத்தான் நலம். நீ இருமாதே.

ருஜேனா


ப்ராக், 2 பிப்ரவரி 1975

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். அங்கும் அனைவரும் நலமாக இருக்கவும்.

உன் கடிதத்தைக் கொதிகலன் முன்னால் உட்கார்ந்து மூன்று தடவை படித்தேன். சிரித்துச் சிரித்துக் கரி போட மறந்து, இரண்டாம் மாடி நோயாளிகள் குளிரில் கத்தினார்கள். நீ பெரிய ஆள். உன் சொந்த விஷயத்தில் நான் தலையிட மாட்டேன்.

ஹினெக் இனி எங்கே போவான் என்று யோசிப்பதிலேயே என் நாள் கழிகிறது. அந்தக் காலி வீட்டில் வெளிச்சம் எந்தப் பக்கமிருந்து விழ வேண்டும்? மேற்கா, கிழக்கா? உனக்கு என்ன தோன்றுகிறது?

கமில்


ஓல்ஷான்கா, 9 மார்ச் 1975

தம்பிக்கு,

நான் நலம். வெளிச்சம் எந்தப் பக்கமிருந்து விழுந்தால் என்ன, காலி வீட்டில் தூசிதான் தெரியும்.

என்னை அடுப்பிலிருந்து எடுத்துப் பாத்திரம் கழுவுகிற இடத்தில் போட்டிருக்கிறார்கள். கை நாளெல்லாம் வெந்நீரில் ஊறி, பிரபு வீட்டுச் சீமாட்டி கை மாதிரி ஆகிவிட்டது. பார்த்தால் முத்தம் கொடுப்பாய்.

இந்த வருஷம் பனி நிற்கவே இல்லை. பாதையை நானே வழித்துக்கொள்கிறேன். உடம்புக்கு நல்லதாம்.

ஹினெக்கைப் பற்றி இப்போது அதிகம் யோசிக்க முடிவதில்லை. சாயங்காலம் ஆனால் கண் எரிகிறது.

அக்கா


ஓல்ஷான்கா, 23 மார்ச் 1975

மைத்துனர் கமில் அவர்களுக்கு அலோயிஸ் எழுதுவது.

உங்கள் சுகத்தை விசாரிக்கிறேன். நான் இதுவரை யாருக்கும் கடிதம் எழுதியதில்லை. பிழை இருந்தால் பொறுக்கவும்.

ஜனவரி மாதத்திலிருந்து நான் வேலை பார்க்கும் தண்டவாளத்தை ஒட்டியிருக்கும் கேங்மேன் குடிசையில் படுக்கிறேன். ஒரு கேண்டீன் நிறைய ஆட்கள் கேட்க உங்கள் அக்கா சொன்னது என் காதுக்கு வர அரை மணி ஆனது. பீர்க்கடையில் என் மேஜையில் ஒரு கிளாஸ் அதிகமாக வைக்கிறார்கள். “ஹினெக் வர நேரமாயிருச்சு, அவனுக்கும் ஊத்தி வைப்போம்” என்கிறார்கள். நான் இப்போது அங்கே போவதில்லை.

அவளிடம் கேட்டேன். “பொறுத்துக்கோ, அலோயிஸ்” என்றாள். எவ்வளவு நாள் என்று கேட்டேன். கழுவின தட்டையே மறுபடி கழுவினாள். இருபத்தாறு வருஷத்தில் அவள் ஒரு தட்டை இரண்டு தடவை கழுவி நான் பார்த்ததில்லை.

கேண்டீன் வேலையும் போன மாதிரிதான். ஒழுக்கமில்லாதவள் சமைக்கக் கூடாது என்று யாரோ மனு கொடுத்தார்கள். மாலையில் ஜன்னல் வழியாகப் பார்த்திருக்கிறேன். அவள் எதையும் செய்வதில்லை. மேஜை முன்னால் உட்கார்ந்திருக்கிறாள்.

நீங்கள் அவள் தம்பி. அப்படி ஒரு ஆள் இருக்கிறானா? ஆம், இல்லை, ஒரு வார்த்தை போதும். இருந்தால் நான் போய்விடுவேன், சண்டை போட மாட்டேன்.

அலோயிஸ்


ப்ராக், 11 மே 1975
(உறையில்லாத தபால் அட்டை, பொடி எழுத்தில்)

அலோயிஸ் அத்தானுக்கு வணக்கம்.

ஒரு வார்த்தை கேட்டீர்கள். ஏழு வாரம் எடுத்துக்கொண்டேன். நான்கு பதில் எழுதிக் கொதிகலனில் போட்டேன். பயந்துவிட்டேன், வேறு காரணமில்லை.

இல்லை. ஹினெக் என்று யாரும் இல்லை. நான் எழுதிய நாவலில் வருகிறவன் அவன். மிலாதாவும் அப்படியே. அக்கா சொன்னது எல்லாம் என்னைக் காப்பாற்ற. உங்களிடம் சொல்லாதே என்று சொன்னவனும் நான். தாள்கள் முழுவதும் என்னிடம்தான் இருக்கின்றன, அவளிடம் ஒன்றும் இல்லை. உறையில் போடாமல் அட்டையில் எழுதுவது, உங்கள் ஊர்த் தபால்காரம்மா உங்களுக்கு முன்னால் படிக்கட்டும் என்றுதான். மற்றவர்கள் எப்படியும் படிப்பார்கள். அவர்களுக்கு என் வீடு தெரியும்.

யாருக்கும் யாரும் சொந்தமில்லாத ஊரைப் பற்றி முந்நூறு பக்கம் எழுதினேன். ஒவ்வொரு கடிதத்திலும் நலமா என்று அக்காவைக் கேட்டேன். வந்த பதிலை மட்டும் படிக்கவில்லை.

வீட்டுக்குப் போங்கள், அத்தான்.

கமில்


ஓல்ஷான்கா, 22 ஜூன் 1975
(விசாரணைக் காவல் சிறை முகவரிக்கு)

கழுதைக்கு அக்கா எழுதுவது.

நீ இருக்கிற இடத்தில் நலமா என்று கேட்டால் சிரிப்பாய். இருந்தாலும் கேட்கிறேன், ஒழுங்காகப் பதில் எழுது. இருமல் எப்படி? ஒரு பக்கம்தான் எழுதலாம், குடும்பச் செய்தி மட்டும்தான் எழுதலாம் என்று அச்சடித்துக் கொடுத்திருக்கிறார்கள். நல்லது. என்னிடம் குடும்பம் மட்டும்தான் இருக்கிறது.

அந்தத் தபால் அட்டை எங்கள் வீட்டுக்கு வரவே இல்லை. அது வருவதற்கு முன்னால் ஊர் வந்துவிட்டது. தபால்காரம்மா ரொட்டிக் கடை வரிசையில் நின்று சத்தமாகப் படித்தாளாம். நாவல் என்ற இடத்தில் இரண்டு பேர் ‘அட’ என்றார்களாம். மனு கொடுத்த புண்ணியவதி வரிசையை விட்டுப் போய்விட்டாளாம், ரொட்டி வாங்காமலே.

அன்று சாயங்காலம் அத்தான் வந்தார். ஒரு கையில் சுருட்டின படுக்கை, இன்னொரு கையில் அலாரம் கடிகாரம். வாசலிலேயே நின்றார்.

“என்கிட்ட சொல்லியிருக்கலாமில்ல?” என்றார்.

“உன்கிட்ட சொன்னா உன் மூஞ்சி ஊருக்கே சொல்லியிருக்கும்.”

“நாலு மாசம், ருஜேனா.”

“எனக்கு மட்டும் நாலு நாளா?”

படுக்கையைக் கீழே வைத்துவிட்டு, “நான் நெசமாவே நம்பிட்டேன்” என்றார். “என்னை ஒருத்தன் விரும்புவான்னு நீ ஒருத்தன்தான் நம்புவ” என்றேன். அழுதுவிட்டார். நான் அழவில்லை. அடுப்பில் பால் இருந்தது. பிறகு இரண்டு தட்டு சாப்பிட்டார்.

அட்டை போடுவதற்கு முன்னால் என்னிடம் நீ அனுமதி கேட்கவில்லையே என்று உன்மேல் பயங்கரக் கோபம் எனக்கு. ஒரு வாரம் பேசக் கூடாது என்று இருந்தேன். நீ இல்லாத இடத்தில் யாரிடம் பேசாமல் இருப்பது?

நீ உள்ளே போன மறுநாள் இங்கேயும் வந்து வீட்டைத் தேடினார்கள். மாவு டப்பாவில் கை விட்டார்கள், மெத்தையைக் கிழித்தார்கள், வாத்து இறகுத் தலையணையைப் பிரித்தார்கள். ஒன்றும் இல்லை. என்ன இருக்கும்? அட்டையில் நீதான் எழுதிவிட்டாயே. அத்தான் வீட்டில் இல்லை. அன்றைக்கு விடியும்போதே தண்டவாளம் பார்க்கக் கிளம்பிவிட்டார். பசி அதிகமோ என்னவோ, சாப்பாட்டுப் பை நல்ல கனமாக இருந்தது.

ஊரில் இப்போது எல்லாருக்கும் ஒரே கேள்வி. பாத்திரம் கழுவுகிற இடத்தில் கேட்கிறார்கள், ரொட்டிக் கடையில் கேட்கிறார்கள். பீர்க்கடையில் முன்பு கிளாஸ் வைத்துச் சிரித்தவன் அத்தான் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, “அந்தப் பொண்ணு கடைசியில என்னதான் ஆச்சு?” என்று கேட்டானாம். நீ காலி வீடு என்று சொல்லியிருந்தாய். அதை நான் யாரிடமும் சொல்லவில்லை.

இன்னொரு ஆளும் கேட்டார். யாரென்று எழுத மாட்டேன். எங்கள் ஊர்க்காரர் இல்லை. நம் கடிதங்களை நம்மைவிட ஒழுங்காகப் படித்திருக்கிறார் என்று தெரிந்தது. கூட வந்தவர் வெளியே போனபோது, வாத்து இறகு ஒட்டின சட்டையோடு என் பக்கத்தில் வந்து, மெதுவாக, “அவங்க ரெண்டு பேரும் பார்த்துக்கிட்டாங்களா?” என்றார்.

“எழுதுறவன் உங்ககிட்டதானே இருக்கான் ஐயா, வீட்டுக்கு அனுப்புங்க, கேட்டுச் சொல்றேன்” என்றேன்.

அவர் கதவையே பார்த்துக்கொண்டு நின்றார், அங்கே யாரோ வரப்போகிற மாதிரி.

உன் அக்கா,
ருஜேனா